நாற்பது முன், அறுபது பின்

எட்டுச் சேனல்கள். எட்டுக்கும் பச்சை.
தீபாவளிக்கு முந்திய இரவிலிருந்து
ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

புக்கிட் ஜாலில், மூன்றாம் மாடி.
குளிரூட்டிக்குப் பயந்து கம்பளிச் சட்டை.
ஃபைசுலின் மேசையில் ஆறிப்போன தே ஓ.
கண்காணிக்கும் கருவியைக்
கண்காணிக்கிற ஆள் நான்.

தைப்பூச விடுமுறை முடிந்த வியாழக்கிழமை
ஒரு வாட்ஸ்அப்.
செந்தூலிலிருந்து பிலோமினா,
அச்சகத்தில் தாள் அடுக்குகிறவர்.
மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் எடுத்துக்கொண்டதுபோக
இடது காதில் கொஞ்சம் ஓசை மிச்சம்.
மீதியை உதட்டில் படிப்பாராம்.

"காலைச் செய்தி வாசிக்கிற பொண்ணு
கொஞ்ச நாளா பொய் சொல்ற மாதிரி இருக்கு.
சொல்லு முதல்ல காதுக்கு வந்துடுது,
வாய் பிறகு அசையுது.
காதுக் கருவிய மாத்திப் பார்த்துட்டேன்.
நானூத்தி எண்பது வெள்ளி போச்சு."

பச்சைதான் எரிந்தது.
அதை நம்பி, எங்கள் பக்கம் பழுதில்லை என்று
பாதி தட்டிய பிறகுதான்
அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

ஒலி முந்தலாம்: முந்நூறு மில்லிநொடி.
ஒலி பிந்தலாம்: முந்நூறு மில்லிநொடி.
மாற்றிய நேரம்: இரவு இரண்டு பதினேழு.
மாற்றியவர்: என் பெயர்.

நினைவிருக்கிறது.
அலாரம் ஓயாமல் கத்திய இரவு.
சேனல் சின்னத்தைப் படத்தில் பொருத்தும்
புதுப் பெட்டியை அன்றுதான் இணைத்திருந்தார்கள்.
படத்தை மட்டும் மூன்று ஃபிரேம்
பிடித்து வைத்துக்கொண்டு அனுப்பும் பெட்டி.
நான் பெட்டியைத் தேடவில்லை.
எல்லையை அகட்டினேன்.
கத்தல் நின்றது.
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பிந்தினால் பொறுப்பார்கள் மனிதர்கள்.
திடலின் அந்தக் கோடியில் பட்டாசு வெடித்தால்
ஒளி வரும், நெஞ்சு கொஞ்சம் காத்திருக்கும்,
அப்புறம் ஓசை.
மாலை நான்கு மணிக்கு இந்த ஊர் வானம்
அதைத்தானே ஒத்திகை பார்க்கிறது.
ஆனால் இடி முடிந்தபின் மின்னல் வெட்டும் ஊர்
எங்கேயும் இல்லை.
நான் ஒன்றை உண்டாக்கி
மூன்று மாதம் ஒளிபரப்பியிருக்கிறேன்.

முந்த நாற்பது. பிந்த அறுபது.
சேமிக்கவா?
ஆம்.
ஐந்தாம் கட்டம் சிவந்து அலறியது.
ஃபைசுல் துள்ளி எழுந்தான். "அபா ஜாடி?"
"புதுசா ஒன்னுமில்ல" என்றேன்.
அதுதான் உண்மையும்.

ஒலியை நூற்றிருபது மில்லிநொடி நிறுத்தி வைத்தேன்.
எண் சரியாயிற்று.
எண்ணை இனி நம்ப மனம் வரவில்லை.
விடியற்காலை ஐந்தரைக்கு,
ஒப்பனைக்கு உட்காரும் முன்
தேவநாயகியைக் கேமரா முன் நிற்க வைத்தேன்.

உதடு ஒட்டிப் பிரியும் எழுத்து வேண்டும்,
பகரமோ மகரமோ.
மற்றவை வாய்க்குள் ஒளிந்துகொள்ளும்.

"என்ன சொல்லணும்?"

அம்மா இருக்கிறது, அப்பம் இருக்கிறது, பம்பரம் இருக்கிறது.
என் வாயில் வந்தது
மன்னிப்பு.
தொடக்கத்தில் ஒருமுறை உதடு கூடும்,
முடியும் முன் இன்னொரு முறை.

சொன்னார். பதினோரு முறை.
எதற்கென்று கேட்கவில்லை.
முடியைக் கிளிப்பில் செருகிக்கொண்டு,
தூக்கக் கண்ணோடு,
அவர் செய்யாத ஒன்றுக்கு.
திரையில் உதட்டின் கோடும் ஒலியின் கோடும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

செய்தி முடிந்ததும் செந்தூலுக்கு எழுதினேன்.
தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது.
அழித்தேன்.
நான் செய்த தவறு, என்று எழுதினேன்.
நானூற்றெண்பது வெள்ளியைப் பற்றி
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இரண்டு நீலக் கோடு.
நெடுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.
பிறகு வந்தது:

"இன்னிக்குச் சரியா இருக்கு.
ஆனா அந்தப் பொண்ணு
ஏன் இவ்ளோ வேகமா வாசிக்குது?"

அதற்குக் கருவியில்
அமைப்பு எதுவும் இல்லை.